மீட்டருக்குள் சுற்றும் அலுமினியத் தட்டு

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சக்கரம் சுற்றும் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்திவிட்டார்கள். இந்த மீட்டர்களுக்கு யூனிட் கணக்கு எப்படித்தான் தெரிகிறது?"

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாட் என்பது வேகம் மாதிரி, யூனிட் என்பது போன தூரம் மாதிரி. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 கிலோவாட் மணி, அதாவது 1 யூனிட். ஆற்றலை அளக்கும் அலகான ஜூலில் சொன்னால் 3.6 மில்லியன். 3600 வாட் வாட்டர் ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். அதே 0.6 யூனிட்டில் 60 வாட் காற்றாடி பத்து மணி நேரம் ஓடும். பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விளக்கையோ காற்றாடியையோ அல்ல. சூடாக்கும், குளிராக்கும் சாதனங்களை.

சரி, மீட்டருக்கு வருவோம். பழைய மீட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்று படுத்தவாக்கில் சுற்றும். ஓரத்தில் ஒரு கறுப்புக் குறி இருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. தட்டுக்கு எந்தக் கம்பியும் போவதில்லை. பிறகு எது அதைத் தள்ளுகிறது?

தட்டை ஒட்டி இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்றுகள். வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் அதன் இரு முனைகளில் நிற்கும். மற்றது தடித்த கம்பியில் சில சுற்றுகள்; வீட்டில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறுவதால் இரண்டு சுருள்களின் காந்தப்புலமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். ஒரு சுருள் உண்டாக்கிய சுழலை மற்ற சுருளின் காந்தப்புலம் தள்ளுகிறது; தட்டு சுற்றுகிறது. அந்தத் தள்ளுவிசை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய அளவில் இருக்கும். பள்ளியில் படித்த வோல்ட் பெருக்கல் ஆம்பியரை ஒரு சிறு அலுமினியத் தட்டு செய்து முடிக்கிறது!

தள்ளுவிசை மட்டும் இருந்தால் தட்டின் வேகம் கூடிக்கொண்டே போகும். அதற்குத்தான் ஓரமாக ஒரு நிலைக்காந்தம். தட்டு அதன் நடுவே போகும்போது எழும் சுழல் மின்னோட்டம் அதையே தடுக்கும். வேகம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். தள்ளுவதும் தடுப்பதும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைத்துவிடும். ஆகவே தட்டின் வேகம் வாட்; சுற்றிய சுற்றுகளின் எண்ணிக்கை யூனிட். ஹங்கேரியப் பொறியாளர் ஓட்டோ பிளாதி இத்தகைய மீட்டரை 1889இல் உருவாக்கினார். நம் இடைநிலைப் பள்ளி ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றிலும் கழற்றிய பழைய மீட்டர் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பழைய இரும்புக்குப் போவதைவிட மாணவர்கள் கையில் அது நன்றாகப் பயன்படும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மின்னழுத்தச் சுருளின் காந்தப்புலம் மின்சாரம் ஒரு தடவை முன்னும் பின்னும் மாறும் நேரத்தில் கால் பங்கு பின்தங்கி வரும்படி அமைத்திருப்பார்கள். அதனால் மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் மின்னோட்டம் மட்டுமே தட்டைத் தள்ளும். வேலை எதுவும் செய்யாமல் சும்மா போய்த் திரும்பும் மின்னோட்டம் கணக்கில் சேராது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) "பில்லைக் குறைக்கும் கருவி" என்று விற்கிறார்களே, அதற்குள் பெரும்பாலும் இருப்பது ஒரு மின்தேக்கி. அது சரிக்கட்டுவது இந்தக் கணக்கில் சேராத மின்னோட்டத்தைத்தான். வீட்டு பில் அதனால் குறையவே குறையாது. மாதச் செலவுக்குத் திண்டாடும் குடும்பங்களிடம் இதை விற்பது மோசடி. வாங்காதீர்கள், அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் மீட்டரில் தட்டு இல்லை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பல நூறு, ஆயிரம் தடவை அளந்து, பெருக்கி, ஒரு சில்லு கூட்டிக்கொண்டே போகிறது. வேலை அதேதான். இரண்டுமே சரியாகக் கணக்குப் பார்க்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். மீட்டரைத் திறக்க வேண்டியதில்லை. முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னும். யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். 1000 என்று இருந்தால், இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட நொடிகளால் 3600ஐ வகுத்தால் வாட் கிடைத்துவிடும். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஏர்கோனை மட்டும் ஓடவிடுங்கள். 4.5 நொடிக்கு ஒரு தடவை மின்னினால் 800 வாட். அறை குளிர்ந்து கம்ப்ரசர் நின்றதும் அடுத்த மின்னலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும்.