பனியை மட்டும் குறிவைக்கும் வெப்பம்: விமானங்களுக்கான அகச்சிவப்புக் கூடங்கள்

விமான இறக்கையில் பனி படிந்தால் அதன் எடைதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். எடையைவிடப் பெரிய ஆபத்து சொரசொரப்பு. இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் உப்புத்தாள் அளவுக்குக் கரடுமுரடான மெல்லிய படலம் இருந்தாலே போதும். தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும், பின்னோக்கி இழுக்கும் காற்றின் விசை 40 சதவீதம் வரை கூடும். இறக்கையை ஒட்டியே ஓட வேண்டிய காற்று முன்கூட்டியே பிரிந்துவிடுகிறது.

1992 மார்ச் 22 அன்று இரவு நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் ஒரு ஃபோக்கர் எஃப்-28 புறப்பட்ட வேகத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 51 பேரில் 27 பேர் இறந்தார்கள். அந்த விமானத்துக்கு இரண்டு முறை பனியகற்றும் திரவம் அடித்திருந்தார்கள். ஆனால் இரண்டாவது முறை அடித்தபின் ஓடுபாதைக்கு வர சுமார் 35 நிமிடங்கள் ஆகிவிட்டன. அதற்குள் பனி மறுபடியும் படிந்துவிட்டது. இருக்கிற பனியை எடுப்பது ஒரு வேலை, புதிதாகப் படியாமல் காப்பது வேறொரு வேலை. இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் கதிர்வெப்பத்தால் பனியை உருக்கும் அகச்சிவப்புக் கூடம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது விளங்கும்.

இப்போது உலகெங்கும் வழக்கத்தில் இருப்பது, நீரை எளிதில் உறையவிடாத கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த திரவம். குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதைப் பீய்ச்சி அடித்துப் பனியைக் கரைத்துத் தள்ளுகிறார்கள். பனி பெய்துகொண்டிருந்தால் அதற்கு மேல் கெட்டியான வேறொரு திரவத்தைப் பூசுகிறார்கள். பெரிய விமானம் ஒன்றுக்கு, மோசமான வானிலையில், ஆயிரக்கணக்கான லிட்டர் செலவாகும். அதில் பெரும்பகுதி தரையில்தான் வழிகிறது. ஓடைக்குப் போய்ச் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரிக்கும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். எத்திலீன் கிளைக்கால் என்றால் விஷத்தன்மையும் சேர்ந்துகொள்கிறது.

சரி, பனியை உருக்க வெப்பம்தானே வேண்டும், அதற்கு எதற்குத் திரவம்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் அகச்சிவப்பு முறை. இருபுறமும் திறந்த ஓர் உயரமான கொட்டகை. அதன் கூரைச் சட்டங்களில் வரிசையாக எரிவாயு வெப்பமூட்டிகள். விமானம் ஒரு பக்கம் நுழைந்து சிறிது நேரம் நின்று மறுபக்கம் வெளியேறும். வெப்பமூட்டிக்குள் இயற்கை எரிவாயு எரிந்து ஓர் உலோகப் பரப்பைச் சூடாக்குகிறது. அந்தப் பரப்பு அகச்சிவப்புக் கதிர்களைக் கீழே அனுப்புகிறது.

நடுவில் இருக்கும் காற்றைச் சூடாக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் முதல் அழகு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்பை ஏறக்குறைய அப்படியே கடந்துபோக விடுகின்றன. அதனால்தான் கொட்டகை திறந்தே இருந்தாலும் வேலை நடக்கிறது. நீர் மூலக்கூறு அப்படியல்ல. அதில் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் பிணைப்பு சுமார் 3 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிர் பட்டால் அதை வாங்கிக்கொண்டு அதிரத் தொடங்கும். அந்த அதிர்வுதான் வெப்பம். ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு பரப்பு அதே 3 மைக்ரோமீட்டர் பக்கத்தில்தான் மிக அதிகமாகக் கதிர் வீசுகிறது. சாதாரண எரிவாயுத் தீயால் எட்டக்கூடிய சூடு இது. இந்தப் பொருத்தம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. நம் கண்ணுக்கு வெள்ளைவெளேரென்று எல்லா ஒளியையும் திருப்பி அனுப்பும் பனி, இந்த அலைநீளத்தில் பார்த்தால் ஏறக்குறைய கருப்பு.

எவ்வளவு ஆற்றல் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். அதே அளவு நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான ஆற்றல் அது. போயிங் 737-800இன் இறக்கைப் பரப்பு சுமார் 125 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் பனிக்கட்டி என்றால் கிட்டத்தட்ட 115 கிலோ. ஒவ்வொரு சதுர மீட்டரும் 2 கிலோவாட் உறிஞ்சினால் இரண்டரை நிமிடத்தில் அது உருகிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கதிர்கள் பனியின் மேல் சில மைக்ரோமீட்டர்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் பனி மேலிருந்து கீழாகத்தான் உருகும். தடிமனான பனிப்பொழிவு என்றால் முதலில் துடைப்பத்தாலோ வேகக் காற்றாலோ தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் கூடத்துக்கு விடுவது நல்லது.

இந்தக் கதிர் விமானத்தைத் தொடாது, பனியை மட்டும் உருக்கும் என்று விளம்பரத் தொனியில் சொல்வதுண்டு. அது முழு உண்மை அல்ல. பளபளப்பான வெற்று அலுமினியம் அகச்சிவப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும், உண்மைதான். ஆனால் வர்ணம் பூசிய பரப்பு பெரும்பகுதியை உறிஞ்சும். பனி போன இடத்தில் கதிர் தொடர்ந்தால் உடல் சூடாகும். அதனால்தான் விமான வகைக்கு ஏற்ப எந்த வெப்பமூட்டி எவ்வளவு நேரம், எவ்வளவு வலுவாக எரிய வேண்டும் என்பதைக் கணினி கட்டுப்படுத்துகிறது. கார்பன் இழைக் கலவைப் பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். அலுமினியத்தைப் போல அவை வெப்பத்தைப் பரப்பிவிடாது, ஓரிடத்திலேயே தேங்கும்.

இன்னொரு தொல்லை உருகிய நீர். அதை முழுவதும் ஆவியாக்க உருக்கியதைப் போல ஏழு மடங்கு ஆற்றல் வேண்டும்; அதனால் வழிந்தோட விடுவதுதான் வழி. அந்த நீர் இறக்கையின் அசையும் மடிப்புகளின் இடுக்குகளிலும் கீல்களிலும் தங்கி, கூடத்தைவிட்டு வெளியே வந்ததும் உறைந்தால் நிலைமை முன்பைவிட மோசம். அப்புறம், கதிர் நேர்கோட்டில்தான் போகும். இறக்கையின் அடிப்பக்கத்துக்கும் சக்கரக் கூண்டுக்கும் அது சரியாக எட்டாது.

இந்த முறை வெறும் ஆய்வகக் கனவாக நின்றுவிடவில்லை. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பஃபலோவிலும் விஸ்கான்சினின் ரைன்லாண்டரிலும் இன்ஃப்ராடெக் என்ற பெயரில் இத்தகைய கூடம் நிறுவப்பட்டது. பிறகு நியூவார்க்குக்கும், அதற்கும் பின் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் நார்வேயின் ஆஸ்லோவுக்கும் வந்தது. 2005இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதற்கென்றே ஒரு வழிகாட்டுச் சுற்றறிக்கை வெளியிட்டது.

ராணுவத் தளங்களில் கணக்கு வேறு. அங்கே போக்குவரத்து குறைவு. ஆனால் திறந்த வெளியில் நிற்கும் விமானம் அழைப்பு வந்த சில நிமிடங்களில் பறக்க வேண்டியிருக்கும். பனியகற்றும் திரவம் ஹெலிகாப்டர் சுழலி மையத்தின் மசகை அரித்துக் கழுவிவிடக்கூடும், ஆகவே உலர்ந்த வெப்பம் அங்கே கவர்ச்சியான யோசனை. அதே சமயம் போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேல் மூடும் பிளாஸ்டிக் விதானம், உணரிக் கண்ணாடிகள், ரேடாரை உறிஞ்சும் பூச்சுகள், தொங்கவிட்ட ஆயுதங்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி வெப்ப வரம்பு உண்டு. பெரிய சரக்கு விமானமான சி-17இன் இறக்கைகள் நுனியிலிருந்து நுனி வரை 50 மீட்டருக்கும் மேல் அகலம். நாளுக்குச் சில விமானங்களுக்காக அந்த அளவில் கொட்டகை கட்டுவது எளிதில் நியாயப்படுத்த முடியாத செலவு.

பயணிகள் நிலையத்திலும் கொட்டகைதான் இடைஞ்சல் என்பது என் கருத்து. திரவ வண்டிகள் பல விமானங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும். கூடத்தில் வரிசை நிற்கும். பனி கொட்டும்போது கூடத்தைவிட்டு வெளியே வந்த நொடியிலேயே இறக்கை மறுபடி நனையத் தொடங்கும், எனவே பாதுகாப்புத் திரவம் எப்படியும் பூசத்தான் வேண்டும். தெளிந்த வானில், இரவெல்லாம் நின்ற விமானத்தில் உறைபனி மட்டும் படிந்திருக்கும் காலை நேரம் வேறு: கூடத்தில் சில நிமிடம், கையால் தடவிச் சோதனை, புறப்பாடு. அங்கே கிளைக்காலை ஒரு துளிகூடத் தொடாமல் முடித்துவிட முடிகிறது. கழிவுத் திரவத்தைச் சேகரித்துச் சுத்திகரிக்க வசதி இல்லாத, அருகே ஆறோ ஏரியோ இருக்கும் சிறு நிலையங்களே இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.