உங்கள் பிள்ளை வாசிக்கிறானா, ஒப்பிக்கிறானா?

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், வகுப்பறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பதும் என் வேலை. நான் போகிற பள்ளிகளில் பெரும்பாலானவை ஓர் ஆசிரியரோ இரண்டு ஆசிரியர்களோ மட்டுமே இருக்கிற சின்னத் தொடக்கப்பள்ளிகள். போனதும் ஏதாவது ஒரு பிள்ளையை அருகில் கூப்பிட்டு, "கண்ணு, இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு" என்று கேட்பேன். அந்தப் பள்ளியைப் பற்றி வேறு எந்தப் பதிவேடும் சொல்லாததை அந்த இரண்டு நிமிடம் சொல்லிவிடும்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடப்புத்தகத்தை விரித்த வேகத்தில் ஒரு பக்கத்தைக் கணீரென்று முடித்துவிட்டான். ஆனால் விரல் ஒரு வரியில் நிற்க, வாய் அடுத்த வரிக்குப் போயிருந்தது. அதே பக்கத்திலிருந்து நான்கு சொற்களைத் தாளில் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. பக்கம் முழுக்க மனப்பாடம், எழுத்துகள்தான் தெரியாது. எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது இவன் குரல்தான் முன்னால் கேட்கும் என்று ஆசிரியர் வருத்தத்தோடு சொன்னார். மூன்று வருடமாக நாள் தவறாமல் பள்ளிக்கு வந்த பிள்ளை அவன். தனியாக உட்கார வைத்து, இதுவரை பார்க்காத ஒரு வரியைக் கொடுத்து யாரும் அவனைக் கேட்கவில்லை.

இது அவன் ஒருவனுடைய கதை இல்லை. உலக வங்கி 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்த வருமான நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பத்து வயதாகியும் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள் 53 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிறவர்கள்தான்.

"பிள்ளைகள் கம்மியாக இருக்கிற இடத்தில் படிப்பு எப்படி நன்றாக இருக்கும்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பது உண்டு. எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகளிலும், மற்றவர்களை 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகளிலும் குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள்.

ஆனால் எண்ணிக்கை குறைந்தால் மட்டும் போதாது. இருபது பிள்ளைகள் உள்ள பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நான்கு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டால், ஒரே வாரத்தில் எல்லோருடைய வாசிப்பையும் ஆசிரியர் கேட்டுவிடலாம். தினமும் இருபது நிமிடம்தான் செலவு. அறுபது பேர் உள்ள வகுப்பில் இதை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. சின்னப் பள்ளியின் பெரிய சொத்து இதுதான். அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

காரணம் சோம்பல் இல்லை. ஒரே அறையில் மூன்று வகுப்புகள் இருக்கும். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற இரண்டும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் என்ன ஒழுங்கு என்று தோன்றும். அந்த அமைதியைக் கண்டு ஏமாறாதீர்கள். எழுத்தைப் படமாக வரைகிற பிள்ளையும் அழகாகத்தான் எழுதும். கொலம்பியாவில் 1970-களின் நடுவில், கிராமத்துச் சின்னப் பள்ளிகளுக்காகவே ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து, கற்றல் ஏடுகளை வைத்துத் தத்தம் வேகத்தில் படிப்பார்கள். ஆசிரியர் குழு குழுவாகப் போய் உதவுவார். இதில் எனக்குப் பிடித்தது, எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் பிள்ளை இருக்கிறது என்பதைப் பார்ப்பது.

கணக்கிலும் இதே கதைதான். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டால் வேலை முடியாது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது அந்தப் பிள்ளை. 42-ல் உள்ள 4 என்பது நான்கு பத்துகள் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு குச்சிக்கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கையில் கொடுத்துப் பதினேழை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரிக்காமல் எடுக்க முடியாது என்று அதுவே கண்டுபிடித்துவிடும். தப்பான விடைக்குப் பின்னால் எப்போதும் ஒரு யோசனை இருக்கிறது. அதைக் கேட்க நேரம் இருக்கிற ஆசிரியர் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

சரி, பெற்றோர் வீட்டில் என்ன செய்யலாம்? பாடப்புத்தகத்தில் இல்லாத நான்கைந்து வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வாசித்ததும், "இதுல என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பதில் பிள்ளையின் சொந்த வார்த்தையில் வர வேண்டும். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மூன்று, நான்கு விநாடி பொறுங்கள். தாளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டால் முதலில் கண் பரிசோதனை. கண்ணில் குறை இருப்பது தெரியாமல் "மந்தம்" என்று பெயர் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் போவதில்லை.

முக்கியமாக, திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை தெரியாததை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். அந்த மூன்றாம் வகுப்புப் பையன் அப்படி மறைத்து மறைத்துத்தான் மூன்று வருடம் ஓட்டியிருந்தான்.

அப்புறம், அந்தத் தாளோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், "எங்கே தடுமாறுகிறான், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "நல்லாப் படிக்கிறான்" என்று மட்டும் பதில் வந்தால், அங்கேயே உங்கள் முன்னால் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். "கொம்பு வருகிற எழுத்துகளில் குழம்புகிறான், இந்த வாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால், கட்டடம் பழையதாக இருந்தாலும் பிள்ளையை அங்கேயே படிக்க விடுங்கள்.