யாரும் வரையாத முக்கோணம்

அக்கா மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பி, "மாமா, இதுல வெள்ளை முக்கோணம் தெரியுது, ஆனா யாரும் வரையவே இல்லையே?" என்று கேட்டாள். பேக்-மேன் மாதிரி வாயைப் பிளந்த மூன்று கறுப்பு வட்டங்கள், வாய்கள் உள்பக்கம் பார்த்தபடி. இத்தாலிய உளவியலாளர் கயெட்டானோ கனீசா 1955இல் வெளியிட்டது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. முக்கோணம் தெரிவது போதாதென்று அதன் உள்பக்கம் சுற்றியுள்ள தாளைவிட வெளுப்பாகவும் தெரியும். வட்டங்களை விரலால் மறைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே வெள்ளைதான்.

விழித்திரை, பார்வை நரம்பு எல்லாம் பள்ளியில் படித்ததே. கண்ணிலிருந்து வரும் செய்திக்கு மூளையின் பின்பக்கத்தில் முதல் நிறுத்தம் வி1 (V1) என்ற பார்வைப் பகுதி. அங்கே ஒவ்வொரு செல்லுக்கும் காட்சியில் ஒரு சின்னத் துண்டுதான் பொறுப்பு. அந்தத் துண்டில் தனக்குப் பிடித்த சாய்வில் ஒரு விளிம்பு வந்தால் துடிக்கும், அதாவது மின் சமிக்ஞை அனுப்பும். அடுத்த நிறுத்தம் வி2. எனக்கு அலுக்கவே அலுக்காத கதை இங்கேதான் இருக்கிறது.

1984இல் ஜூரிச்சில் நரம்பியல் ஆய்வாளர் வான் டெர் ஹைட்டும் அவருடைய சகாக்களும் குரங்குகளின் வி2 செல்களைப் பதிவு செய்தார்கள். ஒரு பட்டையின் நடுவே இடைவெளி விட்டு, செல்லின் பொறுப்பில் உள்ள துண்டு அந்த வெற்று இடைவெளிக்குள் விழும்படி காட்டினார்கள். ஒன்றுமே இல்லாத இடம், ஆனாலும் பல செல்கள் அங்கே விளிம்பு ஓடுவது போலவே துடித்தன. அப்புறம் இடைவெளியின் இரு ஓரத்தையும் மெல்லிய கோடு போட்டு மூடினார்கள். துடிப்பு அடங்கிவிட்டது! படத்தில் கோடு கூடியிருக்கிறது, ஆனால் செல்லுக்கு விளிம்பு போய்விட்டது. திறந்து நிற்கும் முனை என்றால் முன்னால் ஏதோ மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று பார்வை எடுத்துக்கொள்கிறது, மூடிவிட்டால் அது வெறும் வடிவம்தான். புதருக்குப் பின்னால் பாதி தெரியும் புலியை அடையாளம் காண வேண்டிய பிராணிகளுக்கு இது தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். தேனீக்களும் ஆந்தைகளும்கூட இத்தகைய விளிம்புகளைக் காண்பதாகச் சோதனைகள் உண்டு.

2001இல் வெளியான இன்னொரு குரங்கு ஆய்வில், இந்த இல்லாத விளிம்புக்கு வி2 சுமார் 65 மில்லி நொடியில் துடிக்க, வழியில் முதலில் வரும் வி1 100 மில்லி நொடி வாக்கில்தான் துடித்தது. மேலதிகாரி முடிவெடுத்தபின் கீழே கோப்பில் எழுதிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

குரங்குக்கு இல்லாத விளிம்பைக் காட்டவா வரிப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் கொடுக்கலாம் என்கிற கட்சி.

அக்கா மகளை மூன்று பெரிய கறுப்பு ஸ்டிக்கர் பொட்டில் வாய் வெட்டி ஒட்டி, ஒவ்வொரு வாயையும் பேனாக் கோட்டால் மூடிப் பார்க்கச் சொன்னேன். இரண்டை மூடியதுமே முக்கோணம் போய்விட்டதாம், மூன்றாவதைத் தொடவில்லை.