விழாமல் நிற்பது காலிலும் கண்ணிலும்: தற்காப்புக் குத்துச்சண்டையில் கவனிக்க வேண்டியவை

தற்காத்து ஆடும் வீரர் ஒருவர் 12 ரவுண்டும் விழாமல் நின்றுவிட்டால், ‘அவருக்குத் தாடை கெட்டி’ என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சு பயிற்சிக்கூடங்களில் ஒரு கெட்ட வழக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளையை, ‘அடி வாங்கிப் பழகட்டும்’ என்று தன்னைவிடக் கனமான ஆளோடு ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) இறக்கிவிடுகிறார்கள். தாடை பழகாது, மூளையும் பழகாது. தலையில் வாங்கும் அடி கூடக்கூடத் தாங்கும் சக்தி குறையத்தான் செய்யும். விழாமல் நிற்கும் வீரர்களிடம் உண்மையில் இருப்பவை வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பயிற்சியால் பெற முடியும்.

முதலில், ஆள் ஏன் விழுகிறார்? தாடையின் நுனி கழுத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கே பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்பிவிடும். மண்டையோடு திரும்பும் வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். உள்ளே திசு முறுக்கிக்கொள்ளும். அந்தக் கணத்தில் கால்களின் கட்டுப்பாடு போகிறது, சில நேரம் நினைவும் போகிறது. குத்து வருவது முன்பே தெரிந்தால் கழுத்துத் தசைகள் தாமாகவே இறுகும், தலை திரும்பும் வேகம் குறையும். தெரியாமல் வந்தால் கழுத்து தளர்ந்தபடியே அடியை வாங்கும். அதனால்தான் பார்த்து வாங்கிய பலமான குத்தைவிடப் பார்க்காமல் வாங்கிய நடுத்தரக் குத்து ஆளைச் சாய்த்துவிடுகிறது.

ஆகவே தற்காப்பின் முதல் கருவி கண். கார்டை (முகத்தைக் காக்கும் கைகளை) உயர்த்துகிறேன் என்று இரண்டு கிளவ்ஸையும் கண்ணுக்கு முன்னால் கட்டிக்கொள்பவர்கள் பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக்கைப் பார்ப்பதே இல்லை. கிளவ்ஸ் கன்ன எலும்பை ஒட்டி இருக்க வேண்டும். தாடையை நெஞ்சு நோக்கி இறக்கி, புருவத்துக்குக் கீழிருந்து பார்க்க வேண்டும். பார்வை எதிராளியின் கையில் போகக் கூடாது. அவருடைய மேல்நெஞ்சில், தோள்கள் இரண்டும் தெரியும்படி நிற்க வேண்டும். கை கிளம்பும் முன் தோள் அசையும். அடி படும்போது கண்ணை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் புதியவர்கள் எல்லோரிடமும் இருக்கும். கூட்டாளி திறந்த உள்ளங்கையால் மெதுவாக நெற்றியையும் கார்டையும் தொட்டுக்கொண்டே இருக்க, கண்ணை விலக்காமல் 2 நிமிடம் நிற்கும் பயிற்சியைத் தினமும் கொடுத்தால் சில வாரங்களில் இது மாறும்.

அடுத்தது கால். நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடமும் இதுதான். பாதங்கள் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக, முன்னும் பின்னும் இருக்க வேண்டும். முன்பாதம் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும், பின்குதிகால் தரையிலிருந்து லேசாக எழும்பியிருக்கும், இரு முழங்காலும் மடங்கியிருக்கும். இரண்டு பாதமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வந்துவிட்டால், முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் சாதாரண ஜாப்பே ஆளைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். பாதங்கள் அக்கம்பக்கமாக வந்துவிட்டால் பின்னால் உட்கார வைத்துவிடும். நிலைகுலைந்து விழும் இந்த மாதிரி வீழ்ச்சியில் பலநேரம் வலிகூட இருக்காது. ஆனால் ரெஃப்ரி எண்ணத் தொடங்குவார், மதிப்பெண் போடும் நடுவர்களின் கணக்கில் ரவுண்ட் போய்விடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வீரர் நான்கு குத்து விட்டு முடித்த அதே நொடியில், எதிர்பாராத பக்கத்திலிருந்து தோளில் லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு அடி எடுத்து வைத்துத்தான் நிற்க முடிகிறது என்றால் அவருடைய கால் குத்தோடு சேர்ந்து வரவில்லை. குத்து வேகமாக இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம், அங்கேயே நிறுத்திக் காலைச் சரிசெய்யுங்கள்.

தலையை அசைப்பதும் இந்தக் காலுக்குள் அடங்க வேண்டும். ஸ்லிப் (தலையை விலக்கிக் குத்தைத் தவிர்ப்பது) என்றால் கிளவ்ஸ் காதை உரசிப் போகும் அளவு விலகினால் போதும். முழங்காலை மடக்கித்தான் இறங்க வேண்டும். இடுப்பை மடித்துக் குனிந்தால் கண் தரையைப் பார்க்கும், கீழிருந்து மேலே வரும் அப்பர்கட் வந்து நிற்கும். மூக்கு முன்முழங்காலைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வது நல்ல அளவுகோல். பின்வாங்குவதும் அப்படித்தான்: நேர்கோட்டில் இரண்டு அடிக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது அடி பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேராகப் பின்னால் போகிறவரின் எடை குதிகாலில் இருக்கும். அப்போது படும் குத்துக்குத் தடுப்பே கிடையாது.

தற்காப்பு வீரர்கள் பலரும் விழுவது தற்காக்கும்போது அல்ல, அடிக்கும்போது. ஒரு கை போனால் அந்தப் பக்கம் திறந்துவிடுகிறது. 1971 மார்ச் 8 அன்று நடந்த போட்டியின் 15ஆவது ரவுண்டில் முகமது அலி வலது அப்பர்கட்டுக்காகக் கையை இறக்கியபோதுதான் ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக் தாடையில் இறங்கியது. ஜாப் போன வழியே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். இடுப்பு உயரத்துக்கு இறங்கித் திரும்பும் ஜாப் எதிராளியின் வலது கைக்கு விடும் அழைப்பு.

முன்னால் இருக்கும் கையைத் தாழ்த்தி, தோளால் குத்தைச் சறுக்கவிடும் ஷோல்டர் ரோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த முறையில் ஆடிய ஃப்ளாய்ட் மேவெதர் தன் 50 தொழில்முறைப் போட்டிகளையும் வென்றவர். அவர் பெயரில் பதிவான ஒரே நாக்டவுன்கூட (விழுந்ததாக எண்ணப்படுவது), 2001இல் கார்லோஸ் ஹெர்னாண்டஸை அடித்தபோது தன் கையே வலித்துத் தரையைத் தொட்டதால் வந்தது. அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முதல் மாதத்திலேயே முன்கையைத் தொங்கவிடும் பிள்ளைகள் பலர். அந்த நிலையில் முன்தோள் வலது குத்தை வாங்கிச் சறுக்கிவிட வேண்டும், பின்கை தாடையை விட்டு அகலவே கூடாது, எடை பின்காலில் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் தாடை திறந்து கிடக்கும். இடது கை ஆட்டக்காரரிடம் இது இன்னும் கடினம். சாதாரண உயர் கார்டில் நன்றாகத் தேறாத ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுப்பது தவறு என்றே கருதுகிறேன்.

உடலில் படும் அடியை மறந்துவிடக் கூடாது. வலது விலாவின் கீழ் ஓரத்தில் ஈரல் இருக்கிறது. அங்கே சரியாக விழும் இடது ஹூக், ஒரு கணம் தாமதித்து ஆளை மண்டியிட வைக்கும். மன உறுதியால் அதைத் தாண்ட முடியாது. 2004இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஆஸ்கர் டி லா ஹோயாவை ஒன்பதாவது ரவுண்டில் வீழ்த்தியது இப்படித்தான். முழங்கை விலாவை விட்டு விலகாமல் இருப்பதே இதற்குப் பாதுகாப்பு. கையை இறக்கித் தடுக்க வேண்டாம், முழங்காலை மடக்கி முழங்கையைக் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் அடி விழும். 2010இல் ஷேன் மோஸ்லியின் வலது கை இரண்டாவது ரவுண்டில் மேவெதரின் காலை ஆட்டிவிட்டது. மேவெதர் பதிலுக்கு வீசவில்லை, உடனே எதிராளியின் கையைப் பிடித்துக் கிளின்ச்சில் (எதிராளியைக் கட்டிப்பிடித்து நிற்பதில்) தொங்கினார். ரவுண்டைக் கடந்தார், பிறகு போட்டியையும் வென்றார். கிளின்ச்சைக் கோழைத்தனமாகப் பார்க்காமல், முழங்கைக்கு மேல் கையைப் பூட்டி, தலையை எதிராளியின் தோளில் ஒட்டி வைப்பதைப் பயிற்சியாகவே கொடுக்க வேண்டும். விழுந்துவிட்டால் உடனே துள்ளி எழக் கூடாது. ஒரு முழங்காலில் இருந்து, மூச்சை இழுத்துவிட்டு, எட்டு எண்ணும்போது எழுவதே சரி.

வேகத்தை மட்டும் நம்பிய தற்காப்பு வயதோடு போய்விடும். ராய் ஜோன்ஸ் ஜூனியர் கையைத் தொங்கவிட்டு ஆண்ட ஆண்டுகள் உண்டு. 2004இல், 35 வயதில், அன்டோனியோ டார்வரின் இடது கையில் இரண்டாவது ரவுண்டிலேயே முடிந்துபோனது. எடை குறைக்கத் தண்ணீரைக் கடைசி நாளில் நிறுத்துவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. கால் கனக்கும், முழங்கால் நிமிரும், தாடை தானாக மேலே வரும்.

கழுத்துக்கு, உள்ளங்கையை நெற்றி, பிடரி, இரு பக்கம் என வைத்து எதிர்த்துத் தள்ளும் பயிற்சி போதும்: ஒவ்வொரு திசையிலும் 10 வினாடி, மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள். தலையைத் தரையில் ஊன்றிச் செய்யும் பிரிட்ஜ் புதியவர்களுக்கு வேண்டாம். ஹெட்கார்டு முகக் கிழிசலைக் குறைக்கும். தலை திரும்புவதைத் தடுக்காது. அதை மாட்டிவிட்டதாலேயே ஸ்பாரிங்கின் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

ஸ்பாரிங்கில் யாராவது தடுமாறினாலோ, வெறித்துப் பார்த்தாலோ, ரவுண்ட் எது என்று குழம்பினாலோ அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. ஒரு கண்மணி பெரிதாவது, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், கைகால் பலவீனம், வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. மற்றவர்களையும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு லேசான நடை, பிறகு ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பிறகு பை (தொங்கும் மூட்டையில் குத்துவது), பிறகு பேட்ஸ் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தையில் குத்துவது). ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். மருத்துவரின் அனுமதிக்கு முன் ஸ்பாரிங் கிடையாது. திரும்பி வந்ததும் முதல் ஸ்பாரிங்கில் கூட்டாளி மெதுவான ஜாப் மட்டும் விட வேண்டும், 2 நிமிடம். முன்பு சுலபமாக விலகிய ஜாப்பை இப்போது முகத்தில் வாங்குகிறார் என்றால் அவர் இன்னும் குணமாகவில்லை. கிளவ்ஸைக் கழற்றி மறுபடி மருத்துவரிடம் அனுப்புங்கள்.