உங்கட அம்மா எந்த நாடகம் பார்க்கிறவ?

பாரிசவாதம் வந்து பேச்சிழந்தவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பேச்சுச் சிகிச்சைக்கும் டிவி நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டு, "அது... அது..." என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. தண்ணீர் கேட்க முடியாமல் குவளையைக் காட்டி அழுவார். வழக்கமாகத் தேவாரத்தில்தான் தொடங்குவேன். திருகோணமலைக்காரர் பலருக்குச் சம்பந்தரின் "கோணமாமலை அமர்ந்தாரே" நாக்கு நுனியில் இருக்கும். இவருக்கு அதுவும் வரவில்லை. மகள்தான் தயங்கித் தயங்கி, "அம்மா சித்தி நாடகத்தை ஒருநாளும் விடமாட்டா" என்றார். போனில் அந்த நாடகத்தின் முகப்புப் பாட்டைப் போட்டோம். இரண்டாம் வரியில் உதடு அசைந்தது. அப்புறம் சொற்களே வந்தன, மெட்டோடு. மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பேச்சைக் கோக்கும் பகுதி பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. மெட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கும். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு, யோசிக்காமலே வாயில் வரும் அளவுக்கு ஊறிப்போயிருக்கும்.

அந்த ஆயிரம் தடவைதான் இப்போது இல்லை. 1999இல் சன் டிவியில் 'சித்தி' தொடங்கிய காலத்தில் முகப்புப் பாட்டு என்பது ஒரு மணியோசை. குசினியிலும் கிணற்றடியிலும் நிற்பவர்கள் அதைக் கேட்டுத்தான் ஓடிவருவார்கள். தாண்டிப் போக வழியில்லை. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் முகப்பைத் தாண்டும் பொத்தானைக் கொண்டுவந்தது. அது ஒரு நாளைக்கு 13 கோடியே 60 லட்சம் தடவை அழுத்தப்படுவதாக 2022இல் அந்த நிறுவனமே சொன்னது. நானும் அழுத்துகிறவள்தான். யூடியூபில் நாடகம் பார்ப்பவர்களும் விரலால் தள்ளிவிட்டு நேரே கதைக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, பாட்டு வந்தால் பேச்சு வந்துவிட்டதா? இல்லை. "பாடுறா தானே" என்று பயிற்சிக்கு வராமல் நின்ற குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். ஊறிப்போன பாட்டைப் பாடுவது வேறு, தனக்கு வேண்டியதைச் சொல்லிக் கேட்பது வேறு. 1973இல் அமெரிக்காவில் வெளிவந்த மெட்டுவழிப் பயிற்சியில், "தண்ணி வேணும்" போன்ற சிறு தொடரை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துச் சொல்லி, இடக்கையால் தாளம் தட்டவைப்போம். பிறகு மெட்டை மெல்ல மெல்லக் குறைப்போம். மாதக்கணக்கில் பிடிக்கும். எல்லோருக்கும் பலிக்காது.

அதற்கும் முன்னால் ஒன்று. முகம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று படுத்திருக்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கானும் எடுத்தாக வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கு மனப்பாடமான பாட்டுகளை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். தேவாரம், கீதம், நாடகப் பாட்டு, எதுவானாலும் பரவாயில்லை. நானும் என் அப்பாவிடம் கேட்டேன். இரவுச் செய்தி தொடங்கும்போது வரும் இசையை அப்படியே வாயால் வாசித்துக் காட்டினார். அதில் ஒரு சொல்கூட இல்லை. அவருக்கு வேறு ஏதாவது தேட வேண்டும்.