உயிரித் தொழில்நுட்பம்: தொழில் செய்வது யார்?

பயோடெக்னாலஜி என்றதும் வெள்ளைக் கோட்டு, சோதனைக் குழாய், மரபணு என்றுதான் மனம் ஓடும். ஆனால் சொல் பிறந்தது பண்ணையில். ஹங்கேரிய வேளாண் பொறியாளர் கார்ல் எரெக்கி 1919இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலின் தலைப்பில் அதை வைத்தார். நூல் பேசியது பெரும் பண்ணைகளில் இறைச்சி, கொழுப்பு, பால் உற்பத்தியைப் பற்றி. அவருக்குப் பன்றி என்பது தீவனத்தை இறைச்சியாக மாற்றும் வேலை இயந்திரம். டிஎன்ஏவின் வடிவம் தெரியவர இன்னும் 34 ஆண்டுகள் இருந்தன.

கிரேக்கத்தில் 'பயோஸ்' உயிர்வாழ்வு, 'டெக்னே' கைத்திறன், 'லோகோஸ்' அறிவு. தமிழில் உயிரியல் தொழில்நுட்பம், உயிர்த் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம் மூன்றும் புழங்குகின்றன. என் ஓட்டு மூன்றாவதற்கு. உயிரியல் என்றால் பயாலஜி. மூலச் சொல்லில் பயாலஜி கிடையாது. சரி, உயிரா உயிரியா? வேலை பார்ப்பது பன்றியோ பாக்டீரியாவோ, ஓர் உயிரிதான். உயிரியைத் தொழில் செய்ய வைக்கும் நுட்பம் என்றே இதைப் பிரித்துப் படிக்கலாம். கிரேக்கக் கூட்டில் இல்லாத தெளிவு இது. நடுவிலுள்ள 'த்'தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1992இல் ஐ.நா.வின் உயிரியல் பன்மய உடன்படிக்கை, குறிப்பிட்ட பயனுக்காக உயிரிகளையோ அவற்றிலிருந்து கிடைப்பவற்றையோ கொண்டு பொருள்களை ஆக்குவதும் மாற்றுவதும் எல்லாமே உயிரித் தொழில்நுட்பம்தான் என்று வரையறுத்தது. அப்படிப் பார்த்தால் இரவில் புளிக்கும் இட்லி மாவும் இதில் சேர்த்தி! அதே ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் 'செயல்திட்டம் 21' தன் 16ஆம் அத்தியாயத்தை இதற்கே ஒதுக்கியது.

அங்கேதான் 'வளங்குன்றா வளர்ச்சி' (sustainable development) என்ற இன்னொரு சொல் இதோடு சேர்கிறது. 'நிலையான வளர்ச்சி' என்பதைவிட இது எனக்குப் பிடிக்கும். எது குன்றக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறது. யூரியா உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவைக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து ஆலையில் செய்ய 400 பாகை செல்சியஸ் அளவு வெப்பமும் பெரும் அழுத்தமும் தேவை. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவும் செலவாகும். பயறுச் செடியின் வேர் முடிச்சில் ரைசோபியம் என்ற பாக்டீரியா அதே நைட்ரஜனை மண்ணின் சூட்டிலேயே பிடித்துத் தருகிறது. எரெக்கியின் பன்றிக்கும் விடுதலை கிடைத்தது: பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்துவந்த இன்சுலினை பாக்டீரியாவே தயாரிக்க, 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது.

அப்புறம் ஒரு சின்ன வம்பு. 'உயிரி' இப்போது முன்னொட்டாக எங்கும் ஒட்டுகிறது. உயிரி உரம் சரி, பாக்கெட்டுக்குள் உயிருள்ள நுண்ணுயிரி இருக்கிறது. உயிரி எரிபொருளில்? எத்தனாலை எடுத்துக்கொண்டால், சர்க்கரையைப் புளிக்கவைத்த ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. மிச்சமிருப்பது வெறும் எரிபொருள்.