தற்குறிப்பா, தன்விவரக் குறிப்பா?

கேரள எல்லையில் வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டில் ஆள் எடுக்கும் மேசைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தாள் வந்து சேரும். கோயம்புத்தூர்ப் பையன் நீட்டுவதும் பயோடேட்டா, பாலக்காட்டுப் பெண் நீட்டுவதும் பயோடேட்டா. கொஞ்சம் பெரிய படிப்பென்றால் ரெஸ்யூமே, கல்லூரி வாத்தியார் வேலைக்கென்றால் சிவி. நாங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில்தான் போடுகிறோம். ஆனால் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல.

ரெஸ்யூமே பிரெஞ்சு. 'சுருக்கியது' என்று பொருள். சிவியின் விரிவான 'கரிக்குலம் வீட்டே' லத்தீன், வாழ்க்கையின் ஓட்டம். அது முழு ஓட்டம், இது சுருக்கம். பயோடேட்டாவில் பாதி கிரேக்கம், பாதி லத்தீன். நம் ஊரில் கல்யாணத் தரகர் கையிலும் அதே சொல்தான், ராசி நட்சத்திரத்தோடு. அதனால்தானோ என்னவோ, லேத் ஓட்ட வருகிறவர் தாளிலும் மதம், திருமண நிலை எல்லாம் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. நான் கண்ணை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவேன்.

தமிழில் சுயவிவரம், தன்விவரக் குறிப்பு, தற்குறிப்பு எனப் பல புழங்குகின்றன. தன்னோடு குறிப்பு சேர்ந்தால் தற்குறிப்பு, புணர்ச்சியில் குற்றமில்லை. ஆனால் பக்கத்து வீட்டிலேயே தற்குறி குடியிருக்கிறது: கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறிவைப்பவர். "உன் தற்குறிப்பைக் கொடு தம்பி" என்றால் பட்டதாரிப் பையன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இன்னோர் உறவும் உண்டு, தற்குறிப்பேற்ற அணி. மதுரை மதில்மேல் கொடி காற்றில் அசைகிறது. கோவலனை 'வராதே' என்று கைகாட்டுவதாக இளங்கோவடிகள் தம் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். தாள் படிக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறோம். நடுவே இரண்டு வருஷம் வேலை இல்லையென்றால் 'ஊர் சுற்றியிருப்பான்' என்று ஏற்றிவிடுகிறோம். படுத்துக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தானோ என்னவோ. கேட்டால்தானே தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் விண்ணப்பத்துக்கு 'அபேட்ச' என்பார்கள். நமக்கும் அந்நியமில்லை; ஒரு காலத்தில் தமிழ்த் தேர்தல் சுவரொட்டிகளில் 'அபேட்சகர்' நின்றார். அபேட்சை என்றால் விருப்பம், வேட்பு என்றாலும் விருப்பம். அபேட்சகர்தான் வேட்பாளர் ஆனார். பிறகு தேர்தலோடு ஒட்டிக்கொண்டு, வேலை கேட்பவருக்கு அந்தச் சொல் கிடைக்காமலே போயிற்று. அவர் வெறும் விண்ணப்பதாரர்.

இனிஷியலிலும் எல்லை தெரியும். நம்மவருக்கு முன்னால் வரும், தகப்பன் பெயர். அவர்களுக்குப் பெரும்பாலும் பின்னால் வரும். அதில் வீட்டுப் பெயரும் இருக்கும். தெரியாமல் அகரவரிசையில் அடுக்கினால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஷார்ட்லிஸ்டுக்கு மலையாளப் பத்திரிகைகள் 'சுருக்கப்பட்டிக' என்று எழுதுகின்றன. நம்மிடம் குறும்பட்டியல் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ரெஸ்யூமேக்கு என் வாக்கு 'தன்விவரச் சுருக்கம்'. மூலச் சொல்லின் சுருக்கமும் அதில் வந்துவிடுகிறது, எதை விட்டுவிட்டார் என்று படிப்பவருக்குக் கேட்கவும் தோன்றும். சிவிக்கு வாழ்க்கைக் குறிப்பு போதும்.

போன வாரம் கேட்டில் ஒட்ட நானே எழுதிக் கொடுத்த அறிவிப்பில் இருந்தது: 'பயோடேட்டாவுடன் நேரில் வரவும்.'